கூப்பிட்ட குரலுக்கு வந்த கடல்

எங்கள் சென்னைக்குக் கடல் புதிதில்லை. புதிதாக வந்தது பூவாத்தாள்தான். காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பை நிலக்கடலையும் ஒரு தூக்கு நெய்யுமாக ரயிலேறி, அசோக் நகரில் இருக்கும் மகன் பூபதி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அம்மா பகலெல்லாம் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று பூபதி அவள் கையில் ஒரு மெட்ரோ அட்டையைக் கொடுத்து, "இதை வெச்சா கதவு தானாத் தொறக்கும்மா. எங்க பிடிச்சிருக்கோ அங்க எறங்கு, சுத்திப் பாரு, மறுபடி ஏறிக்க," என்றான். அன்றிலிருந்து பூவாத்தாளுக்குக் கால் வீட்டில் தரிக்கவில்லை.

வடபழனியில் இறங்கி முருகனைக் கும்பிட்டாள், கோயம்பேட்டில் இறங்கி ஒரே இடத்தில் இத்தனை வெங்காயமா என்று வாயைப் பிளந்தாள், அண்ணா நகர் பூங்காவில் வட்டம் வட்டமாக நடக்கிறவர்களைப் பார்த்து இவர்களெல்லாம் எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று விசாரித்தாள், சைதாப்பேட்டையில் வெயிலுக்கு நுங்கு தின்றாள், ஆலந்தூரில் ஒரு ரயிலுக்கு மேலே இன்னொரு ரயில் போவதைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள். பூமிக்கடியிலிருந்து நகரும் படிக்கட்டில் நின்றபடி மேலே வரும்போது முதலில் வெளிச்சமும், அப்புறம் ஹாரன் சத்தமும், அப்புறம் பஜ்ஜி வாசமும், கடைசியில் முழுசாக ஒரு ஊரும் எதிரே வந்து நிற்பது அவளுக்கு அலுக்கவே இல்லை. சென்னை என்பது ஒரே ஊர் என்று இதுவரை யாரோ தன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சாயங்காலம் மகனிடம் சொன்னாள்.

போகிற இடமெல்லாம் பேச்சுத்தான். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அடுத்த நிலையத்துக்குள் அவர்களுடைய ஊர், குலம், சர்க்கரை வியாதி எல்லாம் தெரிந்துகொள்வாள். இறங்கும்போது தவறாமல், "அப்ப வர்றமுங்க. ஒருக்கா நம்ம ஊட்டுப் பக்கம் வாங்க," என்பாள். கொங்குநாட்டில் இதைச் சொல்லாமல் எழுந்து போகிறவர்களை மனுசரில் சேர்ப்பதில்லை. சொன்னதை நம்பி யாரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பதும் இல்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வாய் நிறையச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி ஊர்பேர் தெரியாதவரையெல்லாம் அழைத்துக்கொண்டிருந்த பூவாத்தாள், வண்ணாரப்பேட்டைக்கு மட்டும் போகவில்லை. அங்கே அவளுடைய ஒரே தங்கச்சி துளசிமணி இருந்தாள். புருசன் ஈரோட்டிலிருந்து வந்து எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை போட்டவர். கடைக்கு மேலேயே வீடு. பல வருசத்துக்கு முன்னால் துளசிமணி தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது, கூடப்பிறந்த அக்காளை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், பத்திரிகையைக் கூரியரில் அனுப்பிவிட்டாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, முதல் பெயராக அக்கா பெயர்தான் இருந்தது, எல்லாம் சரி, ஆனால் கூரியர். "கையெழுத்துப் போட்டு வாங்கறதுக்கு நானென்ன பேங்க்கா?" என்று கேட்ட பூவாத்தாள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் அக்காளும் தங்கச்சியும் பேசிக்கொள்ளவில்லை. பூபதி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். "அவ வந்து கூப்பிடட்டும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முடிந்த பிறகு பூவாத்தாள் சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

இப்படியிருக்க, ஒருநாள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மெரினாவுக்குப் போனாள். கடலை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். அலை வந்து காலைத் தொட்டது, போனது, மறுபடி வந்தது. தானாக வந்து காலைத் தொடுகிறவரிடம் பேசாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று, ஊரில் மழை இல்லாதது, தென்னைக்கு வந்திருக்கும் நோய், மருமகள் வைக்கும் ரசம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். வெயில் தாழ்ந்ததும், "அப்ப வர்றமுங்க. நீங்களும் ஒருக்கா நம்ம ஊட்டுப் பக்கம் வாங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கடலை இதுவரை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள், அதில் குளித்திருக்கிறார்கள், சாம்பல் கரைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வா என்று யாரும் அழைத்ததில்லை. அது வந்துவிட்டது.

நிலையத்தின் வாசலில் பைகளைச் சோதிக்கும் தேவகிருபைதான் முதலில் பார்த்தாள். காசிமேட்டு மீனவப் பெண், கடலைத் தெரியும். பூவாத்தாளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, கணுக்கால் உயரத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு, யார் செருப்பையும் நனைக்காமல் கடல் நின்றிருந்தது.

"யம்மா, உன் பின்னாடி யாரு வந்துக்கினு இருக்காங்கன்னு பார்த்தியா?" என்றாள் தேவகிருபை.

பூவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் திகைத்தாள். அவ்வளவுதான், வந்தவரை ஏன் வந்தீர்கள் என்று கேட்கும் வழக்கம் அவள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் கிடையாது. "அட, வந்துட்டீங்களா! வாங்க வாங்க," என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. "நம்ம விருந்தாளிங்க கண்ணு. என்ற கூடத்தான் வர்றாங்க."

சோதனை வாசலில் கடல் நுழைந்ததும் மெஷின் விடாமல் கத்தியது. காலங்காலமாக எங்கள் ஊர்க்காரர்கள் அதில் தொலைத்த மோதிரமும் கொலுசும் மூக்குத்தியும் உள்ளே கிடக்கும்போது கத்தாமல் என்ன செய்யும்? தேவகிருபை கடமையில் கறாரானவள். பெண்களைச் சோதிக்கும் திரைக்குள் கடலைக் கூப்பிட்டு, "கையைத் தூக்கு தாயி," என்றாள். கடல் இரண்டு அலைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. தடவிப் பார்த்துவிட்டு, முழங்கைவரை நனைந்து வெளியே வந்தவள், "போவலாம்," என்றாள். கொண்டுபோகக் கூடாதவற்றின் பட்டியலில் பெட்ரோல் இருந்தது, பட்டாசு இருந்தது, கடல் இல்லை. பூவாத்தாள் விருந்தாளிக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்தாள்.

ரயிலில் அன்று என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. வேலை விட்டுத் திரும்பும் நேரம், நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். கடல் ஏறியது. "கொஞ்சம் உள்ளே தள்ளிப் போங்க, நடுவுல எவ்ளோ எடம் இருக்கு பாருங்க," என்று யாரோ வழக்கம்போல் எரிந்து விழுந்தார். கடல் தள்ளிப் போனது. தேனாம்பேட்டை தாண்டியதும் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் காலை நனைத்தார். கிண்டி வருவதற்குள் அந்தப் பெட்டியிலிருந்த எல்லோரும் செருப்பைக் கையில் வைத்திருந்தோம். யாரும் ஃபோனைப் பார்க்கவில்லை. அதைத்தான் அதிசயம் என்று பிற்பாடு பேசிக்கொண்டோம்.

அசோக் நகர் அடுக்குமாடிச் சங்கம் உடனே கூட்டம் போட்டது. விருந்தினர் வண்டி நிறுத்தும் இடத்தில் கடல் தங்கலாமா கூடாதா என்று ஆரம்பித்து, சம்ப்புத் தொட்டியில் இறங்கிவிட்டால் தண்ணீர் உப்பாகிவிடுமே என்று செயலாளர் கவலைப்பட, ஏற்கனவே நம்ம போர் தண்ணி என்ன இளநீரா என்று மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல் கேட்க, கூட்டம் சிரிப்போடு கலைந்தது. கடல் கார்களுக்கு நடுவில் சுருண்டு படுத்துக்கொண்டது. அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டிலும் ஏசி ஓடவில்லை.

மறுநாளிலிருந்து பூவாத்தாள் விருந்தாளிக்கு ஊர் சுற்றிக் காட்ட ஆரம்பித்தாள். தான் பார்த்ததையெல்லாம் அதற்கும் காட்டினாள். வடபழனியில் கடல் பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்து கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டது. அர்ச்சகர் நட்சத்திரம் கேட்க, அதற்கு எல்லா நட்சத்திரமும் பொருந்தும் என்று பூவாத்தாள் சொல்லிவிட்டாள். கோயம்பேட்டில் கீரைக்காரர்கள் கடலைத் தெளித்துக் கீரை விற்றார்கள், பாதி உப்புப் போட்ட கீரை என்று மார்க்கெட் முழுக்கப் பெயராகிவிட்டது. ஷெனாய் நகரில் துணி காயப் போட்டிருந்த பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க தெருவுக்கு எப்போ வருது?" என்று கேட்டார்கள். மெரினாவில் சுண்டல் விற்கும் முனிரத்தினம் தூக்குவாளியோடு ரயிலேறிவிட்டான். "இன்னா பண்றது? கஸ்டமரு எங்க போவுதோ நானும் அங்க போவணும்ல," என்று, கடல் இறங்குகிற நிலையத்திலெல்லாம் மாங்காய் சீவ ஆரம்பித்தான். பின்னாலேயே பலூன் சுட விடுகிறவர்கள் வந்தார்கள், ரிப்பன் கட்டிய ஒரு குதிரையும் வந்தது. அண்ணா நகர்ப் பூங்காவில் வட்டமாக நடக்கிறவர்கள் முதல்முறையாக நின்றார்கள். சிலர் காதலைச் சொன்னார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் கடலிருக்கும் ஊரில் பிறந்தும் கடலைப் பார்த்து வருசக்கணக்கானவர்கள். டிராஃபிக்கைச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டோம். இப்போது அதுவே வீட்டு வாசலுக்கு வந்தபோது எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. சென்ட்ரலில் ரயில் மாறும்போதெல்லாம் கடல் வண்ணாரப்பேட்டை போகிற பக்கமே திரும்பியது. பூவாத்தாள், "அந்தப் பக்கம் வேண்டாமுங்க, அங்க ஒண்ணுமில்லீங்க," என்று நயமாகச் சொல்லி இழுத்துக்கொண்டு வருவாள். அது வரும், ஆனால் தயங்கித் தயங்கி வரும். விருந்துக்கு வந்தவரை ஊரிலிருக்கும் சொந்தபந்தம் எல்லார் வீட்டுக்கும் அழைத்துப் போவது முறை. ஒரு வீட்டை விட்டுவிட்டால் வந்தவருக்குத் தெரியாமல் போகுமா? கடலுக்குத் தெரிந்துவிட்டது.

நாள் போகப் போக, மெரினாவில் மணல் அகலமாகிக்கொண்டே போனது. ஒருநாள் நிலைய வாசலில் தேவகிருபை பூவாத்தாளைத் தனியே கூப்பிட்டாள்.

"தப்பா நெனைக்காத யம்மா. எங்க அண்ணன் மீன் புடிக்கிற போட்டு வெச்சுக்கினு இருக்கான். போட்டு தரை தட்டுதாம். கடலம்மா எப்போ திரும்பும்னு குப்பத்துல கேக்கறாங்க."

பூவாத்தாள் தவித்துப் போனாள். "நானெப்படிக் கண்ணு போகச் சொல்றது? வந்தவங்களைப் போங்கன்னு சொல்ற நாக்கு எங்களுக்கு இல்லியே."

"போவச் சொல்லாத. அது எங்கியோ போவணும்னு பாக்குது, நீ விடமாட்டேங்கற. தெனம் சென்ட்ரல்ல அந்தப் பக்கம் இழுக்குதாமே, அங்க வேலை செய்றவங்க சொன்னாங்க. அங்க உனக்கு யாரு இருக்காங்க?"

பூவாத்தாள் அட்டையை வைத்துக் கதவைத் தாண்டி ரயிலேறினாள். கடல் எதிர் சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகை இல்லை, தட்டு இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை. சும்மா வாய் வார்த்தையாகச் சொன்ன ஒரு "வாங்க"வுக்கு, இத்தனை பெரிய கடல், தன் கரையையும் மீனையும் விட்டுவிட்டு, செருப்பு நனையாமல் பார்த்து நடந்து, பின்னாலேயே வந்திருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டு அழைத்தும் தான் போகவில்லை. சென்ட்ரலில் இறங்கியதும் பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி, வாங்க போலாம். நீங்க போற பக்கமே போலாம்," என்றாள். கடல் நகரும் படிக்கட்டில் அவளை முந்திக்கொண்டு ஓடியது.

எம்.சி. ரோட்டில் அது பண்டிகை நேரம். புடவைகள் கடைக்கு வெளியிலேயே கொட்டிக் கிடந்தன. கடல் வருவதைப் பார்த்த கடைக்காரர்கள் துணியைத் தூக்கவில்லை. "அக்கா, உள்ள வந்து பாருங்கக்கா, சாயம் போவாது," என்று அதையும் கூப்பிட்டார்கள். கடல் ஒரு நூலைக்கூட நனைக்காமல் நடந்தது. துளசிமணி வீட்டுப் படி குறுகலானது. பூவாத்தாள் முன்னால் ஏற, கடல் ஒவ்வொரு படியாக ஏறி வந்து பின்னால் உட்கார்ந்தது.

கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றாள். எந்த வீட்டிலும் வீட்டார் 'வாங்க' என்று கேட்டு வரவேற்காமல் அவள் உள்ளே போனதில்லை; பெற்ற மகன் வீட்டுக்கு வந்தபோதும் மருமகள் கேட்கும்வரை கையில் பையோடு நின்றவள்தான். கதவு திறந்தது. தலை நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, துளசிமணி நின்றாள். அக்காளைப் பார்த்தாள். அப்புறம் அவள் பார்வை அக்காளைத் தாண்டிப் படியில் உட்கார்ந்திருந்த கடல் மேல் விழுந்தது.

"வாங்க," என்றாள் கடலைப் பார்த்து.

கடல் உள்ளே போய்விட்டது. பூவாத்தாள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அவங்களை மட்டுந்தான் கேப்பியா?" என்றாள் கடைசியில்.

"உன்னைக் கூப்பிட்டாத்தான் நீ வரமாட்டயே அக்கா. கூப்பிட்டுப் பார்த்தவதான நானு."

"கூரியர்ல..."

"அவருக்குக் கால் முறிஞ்சு ஆசுபத்திரியில கெடந்தாரு. விட்டுட்டு நான் எப்படி வர்றது? கல்யாணப் பத்திரிகையோட கெட்ட சேதியும் சேர்த்துச் சொல்லக் கூடாதுன்னு யாரு எனக்குச் சொல்லிக் கொடுத்தது? நீதான. அதான் சொல்லலை. மணவறைக்குப் பக்கத்துல உனக்கு ஒரு சேர் போட்டு வெச்சிருந்தேன். ஒருத்தரையும் உக்கார விடலை. மாப்பிள்ளை தாலி கட்டறப்ப பாப்பா அந்தச் சேரைத்தான் பார்த்துட்டிருந்தா."

பூவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருசமும் கழுவிய பாத்திரம் எல்லாம் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும். "இப்ப ஆரும் கூப்பிடாமயே வந்திருக்கறன் கண்ணு," என்றாள்.

துளசிமணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "கூப்பிடாம வந்தவளுக்கு இன்னும் என்ன வாசல்ல வேலை? நான் கேக்கமாட்டேன். கேக்காமயே உள்ள வா."

அப்படித்தான் பூவாத்தாள் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் வாங்க என்று கேட்காத ஒரு வீட்டுக்குள் காலை எடுத்து வைத்தாள். உள்ளே கடல் அதற்குள் கூடம் முழுக்கப் பரவி, கட்டிலில் உட்கார்ந்திருந்த துளசிமணியின் புருசனோடு சிநேகமாகியிருந்தது. அவர் பழைய முறிவுக்கு இதமாக இருக்கிறது என்று காலை அதில் தொங்கப்போட்டிருந்தார்.

அன்று அந்த வீட்டில் விருந்து. "அவங்களுக்கு உப்பு பார்த்துப் போடு," என்று அக்கா சொல்ல, "ஏன், அவங்க என்ன பிரஷர்காரங்களா?" என்று தங்கச்சி கேட்க, இரண்டு பேரும் அடுப்படியில் சிரித்த சத்தம் கீழே கடைவரை கேட்டது. சாப்பிட்டு முடிந்ததும் துளசிமணி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், கடையிலிருந்து ஒரு பச்சை ரவிக்கைத் துணி எல்லாம் எடுத்து வைத்தாள். அக்காளும் தங்கச்சியும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கடலுக்கு முன்னால் நீட்டினார்கள். தாம்பூலம் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று விருந்தாளிகள் எல்லோருக்கும் தெரியும். கடல் தட்டை வாங்கிக்கொண்டு, இரண்டு பேர் காலையும் ஒருமுறை நனைத்துவிட்டு, படியிறங்கி, காசிமேட்டுப் பக்கமாக நடந்தது. தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. தேவகிருபையின் அண்ணன் அன்றைக்கே படகை இறக்கினான்; அலைக்கு நடுவில் பச்சையாக என்னவோ மினுங்கியதாகச் சொன்னான்.

அப்புறம் சில நாட்கள் எங்கள் ரயில்களில் இரண்டு பெண்கள் சேர்ந்து சுற்றினார்கள். வருசக்கணக்காகச் சென்னையில் இருந்தும் துளசிமணி கடைத்தெருவைத் தாண்டிப் பெரிதாக எதையும் பார்த்ததில்லை என்பதால், விருந்துக்கு வந்த அக்காதான் ஊர்க்காரத் தங்கச்சிக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாள். கடைசியாக மெரினாவுக்குப் போனார்கள்.

"பாப்பா பெங்களூருல இருக்கறா. எப்பப் போலாம்?" என்றாள் துளசிமணி.

"அவ ஒரு வார்த்தை கூப்பிட..." என்று ஆரம்பித்த பூவாத்தாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். காலடியில் அலை வந்து நின்றது. "நாளைக்கே போலாம்," என்றாள்.

கிளம்பும்போது வழக்கம்போல் வாயைத் திறந்தவளைத் துளசிமணி முழங்கையால் இடித்தாள். பூவாத்தாள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடலைப் பார்த்துச் சொன்னாள்:

"நாங்க பாப்பா ஊட்டுக்குப் போறமுங்க. உங்களைக் கூப்பிடலை. எங்களையும் ஆரும் கூப்பிடலை."

மறுநாள் காலை பெங்களூர் ரயிலைப் பிடிக்க சென்ட்ரலுக்குப் போகும் மெட்ரோவில் கூட்டம் அதிகமில்லை. இரண்டு பேரும் மடியில் பையை வைத்துக்கொண்டு, பாப்பா கதவைத் திறந்ததும் முதலில் யார் பேசுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சீட்டுக்குக் கீழே ஒரே ஒரு அலை, சின்னதாக, பச்சை ரவிக்கைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம்.